உங்கள் சொந்த மெஷினுக்கும் ஒரு செக் ஷீட்

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்தில் ஷிஃப்ட் வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளுக்கு,

இருங்காட்டுக்கோட்டை முதல் சுங்குவார்சத்திரம் வரை, வல்லம் வடகால் முதல் ஒரகடம் வரை, மூன்று ஷிஃப்டிலும் லைனில் நின்று உழைக்கிற உங்களுக்கு இதை எழுதுகிறேன். கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கியதும் உங்களுக்கு அடுத்த வேலை காத்திருக்கிறது. ஒருவர் தொலைநிலைக் கல்வியில் பி.காம். படிக்கிறார். ஒருவர் டிஎன்பிஎஸ்சி குரூப் 4-க்குத் தயாராகிறார். டிப்ளமோ முடித்த ஒருவர் ஆட்டோகேட் பழகுகிறார். அந்தப் படிப்புக்கெல்லாம் ஆதாரம் அறையில் இருக்கிற ஒரு லேப்டாப்.

அது பெரும்பாலும் செகண்ட் ஹேண்டில் வாங்கியதாக இருக்கும். ஐடி நிறுவனங்கள் சில வருடம் ஓட்டிவிட்டு மொத்தமாகக் கழிக்கிற மெஷின்கள் சென்னை ரிச்சி தெரு வழியாக உங்கள் கைக்கு வந்து சேர்கின்றன. அவற்றில் டச் ஸ்கிரீன் மாடல்களுக்கு உங்களிடம் மவுசு அதிகம். திரையைப் பின்னால் மடக்கினால் டேப் ஆகிவிடும். கட்டிலில் சாய்ந்தபடி வகுப்பு பார்க்கலாம், விரலாலேயே பக்கத்தைத் தள்ளலாம்.

நான் இந்த வட்டாரத்தில் பல வருடம் பிளான்ட் மெயின்டனன்ஸில் இருந்தவன். இப்போது லேப்டாப் சர்வீஸ் பார்க்கிறேன். என் மேசைக்கு வரும் மெஷின்களில் அதிகம் கேட்கிற புகார், “அண்ணா, ஃபேன் ரொம்பச் சத்தம் போடுது” என்பதுதான். அதோடு சேர்ந்து மற்றவையும் வரும்: திரை தானாகவே அழுத்திக்கொள்கிறது, சார்ஜ் போட்டால் கர்சர் குதிக்கிறது, அடிப்பக்கம் தொட முடியாத சூடு, டச் பேட் அழுந்தவில்லை. பல மெஷின்களைத் திறந்து பார்த்தால், அறையிலேயே தீர்ந்திருக்க வேண்டிய விஷயம் மாதக்கணக்கில் வளர்ந்து பெரிய செலவாகி நிற்கும். மனசு கேட்பதில்லை. ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த பணம் அது.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். கம்பெனி மெஷினுக்கு நீங்கள் தினமும் கொடுக்கிற கவனத்தில் ஒரு பங்கை உங்கள் சொந்த மெஷினுக்கும் கொடுங்கள். அதற்கு வேண்டிய அறிவும் கைப்பழக்கமும் ஏற்கெனவே உங்களிடம் இருக்கின்றன.

நீங்கள் எந்த மண்ணில் நிற்கிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். டெல் நிறுவனம் 2007 முதல் ஸ்ரீபெரும்புதூரில் கம்ப்யூட்டர் தயாரிக்கிறது. எச்பி லேப்டாப்கள் இங்குள்ள ஃப்ளெக்ஸ் ஆலையில் உருவாகின்றன. 2023 அக்டோபர் 2 அன்று கூகுளோடு சேர்ந்து குரோம்புக் தயாரிப்பும் அங்கே தொடங்கியது. அந்த லைன்களில் நிற்பவர்கள் உங்கள் அறைத் தோழர்கள். ஹூண்டாய், ரெனோ, ராயல் என்ஃபீல்டு என்று வண்டி செய்கிற பக்கம் இருப்பவர்களும் டார்க் டிரைவர், செக் ஷீட், 5எஸ் என்று பழகியவர்கள்தான். இத்தனை தேர்ந்த கைகள் இருக்கிற ஊரில் ஒரு தூசி அடைத்த ஃபேனுக்காக லேப்டாப் மூலையில் கிடக்கக் கூடாது.

இண்டக்ஷன் பயிற்சியில் டிபிஎம் (டோட்டல் புரொடக்டிவ் மெயின்டனன்ஸ்) பற்றிச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். ஜப்பானில் நிப்பான்டென்சோ நிறுவனம் அந்த முறையை முழுமையாகச் செய்து காட்டி 1971-ல் விருது பெற்றது. அதன் அடிப்படை எளிமையானது: மெஷினை ஓட்டுகிறவரே அதைத் துடைக்க வேண்டும், ஏனென்றால் துடைக்கும்போதுதான் கோளாறு கண்ணில் படும். மெயின்டனன்ஸ் ஆள் வரும்வரை காத்திருந்தால் சின்னக் கோளாறு பிரேக்டவுன் ஆகிவிடும்.

‘ஐந்து ஏன்’ முறையையும் படித்திருப்பீர்கள். டொயோட்டாவின் தைச்சி ஓனோ அதற்குச் சொன்ன உதாரணம், நின்றுபோன ஒரு மெஷின். ஏன் நின்றது? லோடு அதிகமாகி ஃபியூஸ் போனது. லோடு ஏன் அதிகமானது? பேரிங்குக்கு எண்ணெய் போதவில்லை. ஏன் போதவில்லை? பம்ப் சரியாக இழுக்கவில்லை. ஏன் இழுக்கவில்லை? பம்பின் ஷாஃப்ட் தேய்ந்திருக்கிறது. ஏன் தேய்ந்தது? வடிகட்டி இல்லாததால் இரும்புத் தூள் உள்ளே போய்விட்டது. ஃபியூஸை மட்டும் மாற்றியிருந்தால் சில மாதத்தில் மறுபடி அதே கதை நடந்திருக்கும்.

உங்கள் லேப்டாப்பிடமும் இதையே கேட்போம். ஃபேன் ஏன் கத்துகிறது? வேகமாகச் சுற்றுகிறது. ஏன் வேகம்? பிராசஸர் சூடாகிவிட்டது. ஏன் சூடு? சூட்டை வெளியேற்ற வேண்டிய ஹீட் சிங்க் வழியாகக் காற்று போகவில்லை. ஏன் போகவில்லை? ஃபின்களின் இடைவெளியில் தூசி. அவ்வளவு தூசி எப்படிச் சேர்ந்தது? மெத்தை மேலும் போர்வை மேலும் வைத்து ஓட்டினோம். ஜன்னலுக்கு வெளியே கன்டெய்னர் லாரி போகிற சாலை. வாங்கிய நாளிலிருந்து ஒருமுறைகூடத் திறந்து துடைக்கவில்லை. சத்தம் கேட்கிற இடமும் காரணம் இருக்கிற இடமும் வேறு வேறு என்பது இப்போது தெரிகிறதல்லவா? ஃபேன் தன் வேலையைச் சரியாகச் செய்வதால்தான் அந்தச் சத்தம். அது மெதுவாகச் சுற்றினால் பிராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், கடைசியில் மெஷின் அணைந்தே போகும்.

எல்லாச் சத்தமும் ஒன்றல்ல. முதலில் காதால் வகை பிரியுங்கள். லைனில் மோட்டார் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்கிறவர்கள் உங்களில் இருக்கிறார்கள்.

‘உஸ்ஸ்’ என்று ஒரே சீராக வருகிற காற்றிரைச்சல் என்றால், ஃபேன் நல்ல நிலையில் இருக்கிறது. உள்ளே சூடு அதிகம். ‘டிக் டிக்’ அல்லது ‘கடகட’ என்று வந்தால், இறக்கையில் ஏதோ உரசுகிறது: ஒரு வயர், ஒரு முடிக் கற்றை, உள்ளே கழன்று விழுந்த ஸ்க்ரூ. ‘கர்ர்ர்’ என்று அரைக்கிற சத்தம், அதுவும் லேப்டாப்பைச் சாய்த்துப் பிடித்தால் மாறுகிற சத்தம் என்றால், பேரிங் தேய்ந்துவிட்டது. ஃபேனையே மாற்ற வேண்டும். ஃபேன் நின்றிருக்கும்போதும் ‘கீய்ங்’ என்று மெல்லிய ஒலி கேட்டால் அது கரன்ட் போகிற காயில்களின் அதிர்வு. காதுக்குத் தொந்தரவே தவிர மெஷினுக்கு ஆபத்தில்லை; அதற்காகப் பணம் செலவழிக்காதீர்கள். பழைய மாடலில் ஹார்ட் டிஸ்க் இருந்து அது ‘க்ளிக் க்ளிக்’ என்று அடித்தால் மட்டும் மற்றதையெல்லாம் நிறுத்திவிட்டு, அன்றைக்கே உங்கள் நோட்ஸையும் சான்றிதழ்களையும் பென் டிரைவில் ஏற்றிவிடுங்கள்.

சந்தேகமிருந்தால் மெஷினிலேயே பரிசோதனை வசதி இருக்கிறது. ஆன் செய்யும்போது டெல்லில் எஃப்12, எச்பியில் எஃப்2 கீயைத் தட்டினால் ஹார்ட்வேர் டெஸ்டுக்குப் போகலாம். விண்டோஸுக்கு வெளியே ஓடுகிற டெஸ்ட் என்பதால், கோளாறு பொருளிலா சாஃப்ட்வேரிலா என்பது அங்கேயே பாதி தெரிந்துவிடும்.

இனி, ஒரு ஸ்க்ரூகூடக் கழற்றாமல் செய்ய வேண்டியவை.

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் சிபியு என்ற பத்தியை அழுத்தினால் அதிகம் உழைப்பு வாங்குகிற புரோகிராம் மேலே வந்து நிற்கும். சும்மா இருக்கிற மெஷினில் ஃபேன் கத்துகிறதென்றால் அங்கே யாரோ ஒருவர் வேலை செய்துகொண்டிருக்கிறார்: விண்டோஸ் அப்டேட், ஆன்ட்டி வைரஸ் ஸ்கேன், மூடாமல் விட்ட முப்பது டேப். அப்டேட் என்றால் முடியட்டும் என்று விடுங்கள். வாரக்கணக்கில் மெஷினை அணைக்காமல் மூடி மூடித் திறக்கிறவர்கள் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள்.

அடுத்தது பவர் மோட். வீடியோ வகுப்புக்கும் பிடிஎஃப் படிக்கவும் முழு வேகம் தேவையில்லை. செட்டிங்ஸில் பவர் பகுதிக்குப் போய், மின்சாரத்தை மிச்சப்படுத்துகிற மோடைத் தேர்ந்தெடுங்கள். பழைய கண்ட்ரோல் பேனலில் பிராசஸரின் அதிகபட்ச நிலையை 100-லிருந்து 99 ஆக்கும் வசதி உங்கள் மெஷினில் தெரிந்தால் அதையும் செய்யலாம். அந்த ஒரு சதவீதம் குறைந்ததும் டர்போ வேகம் நின்றுவிடும். சூடும் சத்தமும் உடனே இறங்குவதைக் காதாலேயே உணரலாம்.

மூன்றாவது, மெஷின் உட்காருகிற இடம். இந்த மெலிந்த மாடல்களில் காற்று அடிப்பக்கம் வழியாக உள்ளே வந்து கீல் பக்கமோ ஓரமாகவோ வெளியேறும். மெத்தையில் வைத்தால் உள்ளே வருகிற வழி அடைபடுகிறது. திரையை முழுதாக மடக்கி டேப்பாக வைத்துப் போர்வையில் கிடத்தினால் வெளியேறுகிற வழியும் அடைபடும். ஒரு பரீட்சை அட்டை போதும், அதன் மேல் வையுங்கள். பின்பக்கம் ஒரு விரல் உயரம் தூக்கி வைத்தால் இன்னும் நல்லது.

நம் ஊர் வெயிலையும் கணக்கில் எடுங்கள். பல லேப்டாப் தயாரிப்பாளர்கள் சுற்றுப்புற வெப்பம் 35 டிகிரி செல்சியஸ் வரைக்கும்தான் தங்கள் மெஷினை இயக்கச் சொல்கிறார்கள். ஷீட் போட்ட மாடி அறையில் மே மாத மதியம் எவ்வளவு இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஃபேன் அறைக் காற்றைத்தான் உள்ளே தள்ளுகிறது. அந்தக் காற்றைவிடக் குளிர்ச்சியாக எதையும் அதனால் ஆக்க முடியாது. வெயில் நேரத்தில் பெரிய டவுன்லோடு, வீடியோ எடிட்டிங் போன்ற கனமான வேலையை வைக்காமல் அதிகாலைக்குத் தள்ளிப்போடுங்கள்.

நான்காவது, பை. மூடியை மட்டும் மூடிவிட்டுப் பையில் போட்டு பஸ் ஏறுகிறீர்கள். இன்றைய பல மாடல்கள் ஸ்லீப்பில் முழுதாகத் தூங்குவதில்லை. இடையில் விழித்து அப்டேட் தேடும். காற்று புகாத பைக்குள் மெஷின் வெந்துகொண்டிருக்கும். ஃபேன் ஆயுளுக்கும் பேட்டரி ஆயுளுக்கும் இதுபோல் கேடு வேறில்லை. பையில் போகிற மெஷினை ஷட் டவுன் செய்யுங்கள், அல்லது ஹைபர்னேட்டில் போடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் இரைச்சல் குறையவில்லையா? திறக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. வாரன்டி பாக்கி இருந்தால் முதலில் அந்த நிபந்தனையைப் படியுங்கள். வாரன்டிக்குள் இருக்கிற மெஷினை சர்வீஸ் சென்டரில் கொடுப்பதே சரி. வாரன்டி முடிந்த செகண்ட் ஹேண்ட் மெஷின் என்றால், உங்கள் மாடல் பெயரைப் போட்டுத் தேடினால் டெல், எச்பி, லெனோவோ நிறுவனங்களே வெளியிட்ட சர்வீஸ் மேனுவல் பல மாடல்களுக்குக் கிடைக்கும். அதை எஸ்ஓபி ஆக எடுத்துக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை படித்துவிட்டு ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுங்கள். திரையும் மூடியும் பசையால் ஒட்டிய மாடல் என்றால் தொடாதீர்கள், தெரிந்தவரிடம் கொடுங்கள்.

இஎஸ்டி, அதாவது ஸ்டேட்டிக் மின்சாரப் பாய்ச்சல் பற்றி எலெக்ட்ரானிக்ஸ் லைனில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ரிஸ்ட் ஸ்ட்ராப், ஹீல் ஸ்ட்ராப், நீல மேட் இல்லாமல் ஒரு போர்டைத் தொட விட மாட்டார்கள். அந்த ஒழுக்கத்தை அறைக்கும் கொண்டுவாருங்கள். பாலியஸ்டர் துணி, போர்வை மேல் வைத்துத் திறக்காதீர்கள். மெஷினை அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, பின்மூடியைக் கழற்றியதும் முதல் வேலையாகப் பேட்டரி கனெக்டரைக் கழற்றுங்கள். ஸ்க்ரூக்கள் எல்லாம் ஒரே நீளம் இருக்காது. ஒரு தாளில் மெஷினின் வடிவத்தை வரைந்து, எந்த ஸ்க்ரூ எங்கிருந்து வந்ததோ அங்கேயே செருகி வையுங்கள். குட்டை ஸ்க்ரூ இருந்த இடத்தில் நீள ஸ்க்ரூவை முறுக்கி மதர்போர்டைத் துளைத்த மெஷின்கள் என் மேசைக்கு வந்திருக்கின்றன.

ஃபேனை மேலிருந்து பார்த்தால் சுத்தமாகத் தெரியும். அதை நம்பிவிடாதீர்கள். ஃபேனைக் கழற்றி, அதன் காற்று வெளியேறுகிற வாயும் ஹீட் சிங்க்கின் ஃபின்களும் சேருகிற இடத்தைப் பாருங்கள். அங்கே சாம்பல் நிறத்தில், கம்பளித் துணி போல, ஒரு தூசிப் படலம் நெய்து வைத்த மாதிரி படிந்திருக்கும். மெத்தைப் பஞ்சு, தலைமுடி, லாரி கிளப்பிய மண், எல்லாம் அதில் இருக்கும். ஒரு மில்லிமீட்டர் அளவுக்கே இருக்கிற ஃபின் இடைவெளியை அது முழுதாக மூடியிருக்கும். இடுக்கியால் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் சில நேரம் முழுப் படலமும் ஒரே துண்டாக வந்துவிடும். அது வந்த நாளில் மெஷின் அடங்கிவிடும். காசு கொடுத்து வாங்க முடியாத திருப்தி அது. உங்கள் கையால் அதை அனுபவிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

மீதித் தூசியை மெல்லிய பிரஷ்ஷால் தட்டி, கையால் அழுத்துகிற ரப்பர் புளோயரால் ஊதுங்கள். ஊதும்போது இறக்கை சுழலாமல் ஒரு பல் குத்தும் குச்சியால் தடுத்துப் பிடியுங்கள். கம்பெனியில் பயன்படுத்துகிற ஏர் கன், பஞ்சர் கடைக் காற்று இரண்டுமே கூடாது. அந்த அழுத்தத்தில் ஃபேன் தாங்க முடியாத வேகத்தில் சுழன்று பேரிங் கெடும். கம்ப்ரஸர் காற்றில் ஈரமும் எண்ணெய்ப் பிசுக்கும் கலந்திருக்கும். வீட்டு வேக்குவம் கிளீனரும் வேண்டாம், அதன் முனையில் ஸ்டேட்டிக் சேரும். அரைக்கிற ஃபேனுக்குத் தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் விடுவதும் பயன் தராது. சில நாள் அமைதியாக ஓடும். பிறகு அந்த எண்ணெயிலேயே தூசி ஒட்டிச் சேறாகிவிடும். மாடல் நம்பர் பார்த்துப் புது ஃபேன் வாங்கிப் போடுவதே நிரந்தர வழி. பல மாடல்களில் இரண்டு மூன்று ஸ்க்ரூ, ஒரு கனெக்டர், அவ்வளவுதான் வேலை.

நாலைந்து வருடம் ஓடிய மெஷினில் பிராசஸருக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவில் இருக்கும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து போயிருக்கலாம். பழையதை ஐபிஏ (ஐசோப்ரொபைல் ஆல்கஹால்) தொட்ட துணியால் துடைத்து, புதியதை மிளகு அளவு வைத்து, எண் வரிசைப்படி ஸ்க்ரூக்களைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றி முறுக்க வேண்டும். ஏன் வரிசைப்படி என்பது சிலிண்டர் ஹெட் போல்ட் முறுக்குகிற ஒரகடம் தம்பிகளுக்கு நன்றாகவே தெரியும்.

இனி டச் ஸ்கிரீன். “பேய் புகுந்த மாதிரி தானா அழுத்துது அண்ணா” என்று சொல்கிறார்கள். முதல் சோதனைக்கு ஒரு பைசாவும் செலவில்லை: சார்ஜரைப் பிடுங்குங்கள். திரை ஒழுங்காகிவிட்டதா? அப்படியானால் திரையில் கோளாறு இல்லை. உங்கள் அறையின் பிளக்கில் இருக்கிறது.

இந்தத் திரைகள் விரல் படும்போது உண்டாகிற மிகச் சிறிய மின்தேக்க மாற்றத்தை அளந்து வேலை செய்கின்றன. சார்ஜரில் வருகிற இரைச்சல் மின்சாரம் எர்த் வழியாக வெளியேற வேண்டும். எர்த் இல்லையென்றால் அது மெஷினின் உடம்பிலேயே மிதந்து அந்த அளவீட்டைக் குழப்பிவிடும். சார்ஜ் போட்டிருக்கும்போது மெட்டல் மூடியைத் தொட்டால் ‘ஜிவ்’வென்று இருக்கிறது என்று உங்களில் பலர் சொல்வதும் இதனால்தான். மூன்று பின் சார்ஜரை இரண்டு பின் கன்வெர்ட்டர் வழியாகச் செருகியிருப்பீர்கள். அல்லது ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஆறு பேரின் போன், ஒரு மின்சார கெட்டில், உங்கள் லேப்டாப் எல்லாம் தொங்கும். சுவரில் மூன்று ஓட்டை இருப்பதாலேயே எர்த் இருப்பதாக அர்த்தமில்லை. எலெக்ட்ரீஷியனை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கம்பெனி சார்ஜருக்குப் பதிலாக விலை மலிவான போலிச் சார்ஜர் வாங்கியிருந்தாலும் இதே தொல்லை வரும்.

சார்ஜர் இல்லாமலும் குதிக்கிறதென்றால் வரிசையாகப் போங்கள். மெஷினை அணைத்து, லேசாக நீர் தொட்ட மைக்ரோஃபைபர் துணியால் கண்ணாடியைத் துடையுங்கள். வியர்வையும் கையில் ஒட்டிய கூலன்ட் எண்ணெயும் போதும் திரையைக் குழப்ப. ஜன்னல் கண்ணாடி துடைக்கிற திரவம் வேண்டாம். ஓரத்தில் பெயர்ந்து நிற்கிற ஸ்க்ரீன் கார்டை எடுத்துவிடுங்கள். டிவைஸ் மேனேஜரில் டச் ஸ்கிரீன் என்று இருப்பதை ஒருமுறை டிஸேபிள் செய்து மறுபடி எனேபிள் செய்யுங்கள். டேப்லெட் பிசி செட்டிங்ஸில் கேலிபரேஷனை ரீசெட் செய்து பாருங்கள். திரையைச் சாய்க்கிற கோணத்துக்கு ஏற்ப டச் வேலை செய்வதும் நிற்பதுமாக இருந்தால், கீல் வழியாகப் போகிற ரிப்பன் கேபிள் நைந்திருக்கிறது. கேபிளை மட்டும் மாற்றலாம்.

கண்ணாடியே விரிசல் விட்டிருந்தால் செலவு அதிகம், ஏனென்றால் பல மாடல்களில் டச் கண்ணாடியும் டிஸ்ப்ளேயும் ஒட்டியே வரும். கையில் பணம் இல்லாத மாதத்தில் டிவைஸ் மேனேஜரில் டச்சை நிரந்தரமாக டிஸேபிள் செய்துவிட்டு, கீ போர்டும் மவுஸும் வைத்துப் படிப்பைத் தொடருங்கள். பரீட்சைக்கு டச் தேவையில்லை. கீலையும் கவனியுங்கள்: திரையை ஒரு மூலையைப் பிடித்துத் திறக்காமல் நடுவில் பிடித்துத் திறந்தால் அது பல வருடம் உழைக்கும்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் பொறுமை காட்டாதீர்கள். டச் பேட் அழுந்தவில்லை, அடிமூடி நடுவில் மேடாகியிருக்கிறது, மேசையில் வைத்தால் ஆடுகிறது, திரைக்கும் உடம்புக்கும் நடுவே புதிதாக இடைவெளி தெரிகிறது என்றால் பேட்டரி உப்பியிருக்கிறது. சார்ஜ் போடுவதை அந்த நிமிடமே நிறுத்துங்கள். அழுத்தி மூடப் பார்க்காதீர்கள், குத்தாதீர்கள், அறைக்குள் தலைமாட்டில் வைக்காதீர்கள். லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் ஆறு பேர் படுக்கிற அறையில் எல்லோருடைய உயிரும் அதில் இருக்கிறது. தெரிந்தவரிடம் கொடுத்து மாற்றுங்கள். பழையதைக் குப்பையில் போடாதீர்கள். 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி அதைத் திரும்பப் பெறுகிற பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு. எப்போதும் சார்ஜில் வைத்து ஓட்டுகிறவர்கள், தயாரிப்பாளரின் ஆப்பில் சார்ஜ் அளவை 80 சதவீதத்தில் நிறுத்துகிற வசதி இருந்தால் அதைப் போட்டுவையுங்கள். உப்புவது பெருமளவு தள்ளிப்போகும்.

இனி வாங்கப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. இன்டெல் மெஷின் என்றால் விண்டோஸ் 11-க்குப் பொதுவாக எட்டாம் தலைமுறை பிராசஸராவது வேண்டும். விலை குறைவு என்று அதற்கும் பழையதை வாங்குகிறவர்கள் லினக்ஸ் போட்டுக்கொள்ளத் தயாராக வாங்குங்கள். கடையிலேயே பத்து நிமிடம் வீடியோ ஓட்டி ஃபேன் சத்தத்தைக் கேளுங்கள். சார்ஜ் போட்டும் போடாமலும் திரையின் நான்கு மூலைகளையும் தொட்டுப் பாருங்கள்.

கடைக்காரரிடம் கொடுக்க வேண்டி வந்தால், நீங்கள் பார்த்ததை எழுதிக் கொடுங்கள்: எப்போது சத்தம், எந்த வகைச் சத்தம், சார்ஜரோடா சார்ஜர் இல்லாமலா. எழுதிக்கொண்டு வருகிறவரிடம் “மதர்போர்டு போச்சு” என்று ஒற்றை வரியில் சொல்லி அனுப்புவது யாருக்கும் சுலபமில்லை. கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள், பில் வாங்குங்கள். அநியாயம் நடந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. பழுது பார்க்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் குழு அமைத்து, அந்த ஆண்டு டிசம்பரில் ஓர் இணையதளமும் தொடங்கியது. பிரான்ஸில் 2021 முதல், விற்பனைக்கு வரும் லேப்டாப்பை எவ்வளவு எளிதாகப் பழுது பார்க்கலாம் என்று பத்துக்கு மதிப்பெண் போட்டு விலையோடு சேர்த்துக் காட்ட வேண்டும். அப்படியொரு மதிப்பெண் இங்கேயும் வர வேண்டும் என்று கேட்க, அந்தப் பொருளைச் செய்கிற உங்களைவிடத் தகுதியானவர்கள் யார்?

தங்கைகளுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ஒரு ஷிஃப்டில் நூற்றுக்கணக்கான ஸ்க்ரூக்களைச் சரியான டார்க்கில் முறுக்குகிற நீங்கள், உங்கள் சொந்த லேப்டாப்போடு கடைக்குப் போய், “இதெல்லாம் உனக்குப் புரியாதும்மா” என்று கேட்டுவிட்டு வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அப்படிச் சொன்னவரைவிட ஒரு ரிப்பன் கேபிளைப் பதமாகப் பூட்டத் தெரிந்த விரல்கள் உங்களுடையவை. மைக்ரோஸ்கோப் அடியில் சால்டரிங் பார்த்து ரிஜெக்ஷன் சொல்கிற கண்கள் உங்களுடையவை. யார் அனுமதிக்காகவும் காத்திருக்காதீர்கள். முதல்முறை திறக்கும்போது தைரியத்துக்குத் தோழி ஒருத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவளும் கற்றுக்கொள்வாள்.

கடைசியாக, தனியாளாகச் செய்ய முடியாத சில உண்டு. அவற்றைச் சேர்ந்து கேளுங்கள். வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அது போன்ற பெரிய வளாகமோ, தெருவோரத்தில் பத்துப் பேர் தங்குகிற வாடகை வீடோ எதுவானாலும், அதன் நிர்வாகத்திடம் மூன்று விஷயங்களை எழுதிக் கேளுங்கள். ஒன்று, ஒவ்வொரு அறையிலும் எர்த் சோதித்துச் சரிபார்த்த மூன்று பின் பிளக்குகள், படுக்கை எண்ணிக்கைக்குக் குறையாமல். இரண்டு, படிப்பதற்கு ஒரு மேசை. கட்டிலில் லேப்டாப் வைக்கிற நிலை இருக்கும்வரை தூசிக்கும் சூட்டுக்கும் முடிவில்லை. மூன்று, பொது அறையில் ஒரு பழுது பார்க்கும் மூலை: ஒரு இஎஸ்டி மேட், ஒரு ஸ்ட்ராப், ஒரு ஸ்க்ரூ டிரைவர் செட், பிரஷ், புளோயர். மாதம் ஒரு ஞாயிறு அங்கே கூடி, தெரிந்தவர் தெரியாதவருக்குக் காட்டிக்கொடுக்கலாம். கம்பெனிகள் தங்கள் மெஷினுக்குச் செலவிடுவதோடு ஒப்பிட்டால் இந்தச் செலவு ஒன்றுமே இல்லை.

அதுவரை, உங்கள் அறைச் சுவரில் ஒரு செக் ஷீட் ஒட்டுங்கள். வாரம் ஒருமுறை: திரை துடைத்தல், ரீஸ்டார்ட், காற்று வழியில் தூசி இருக்கிறதா என்று பார்த்தல். மாதம் ஒருமுறை: நோட்ஸை பென் டிரைவில் ஏற்றுதல், அடிமூடி மேடாகியிருக்கிறதா என்று ஒரு ஸ்கேலை வைத்துப் பார்த்தல், சார்ஜர் வயர் நைந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தல். ஆறு மாதத்துக்கு ஒருமுறை: பின்மூடி திறந்து தூசி எடுத்தல். ஒவ்வொன்றுக்கும் எதிரே தேதியும் கையெழுத்தும் போடுங்கள், லைனில் போடுகிற மாதிரியே. வருகிற வார ஓய்வு நாளில் தொடங்குங்கள். அறையில் ஒருவர் தொடங்கினால் மற்றவர்கள் தாமாகவே வருவார்கள்.

கம்பெனி மெஷின் ஒருநாள் நின்றால் சரிசெய்ய ஆள் வரும். உங்கள் மெஷின் நின்றால் நிற்பது உங்கள் பரீட்சை, உங்கள் அடுத்த வேலை, லைனை விட்டு மேலே போக நீங்கள் போட்டிருக்கிற திட்டம். அதனால்தான் அது கம்பெனி மெஷினைவிட முக்கியம் என்கிறேன். அதை ஓட்டுகிறவரும் நீங்கள், மெயின்டனன்ஸும் நீங்கள். இரண்டையும் நன்றாகச் செய்வீர்கள் என்ற முழு நம்பிக்கையோடு,

உங்கள் அன்பு அண்ணன்,
ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரு சர்வீஸ்காரன்